பாசி மூடிய பாதி

செத்தவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. செய்த வேலையைக் குறை சொல்ல மாட்டார்கள். தொல்லையெல்லாம் உயிரோடு இருப்பவர்களால்தான். கல்லறைக் கற்களைச் சுத்தம் செய்து பிழைக்கும் கல்லக்கா இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்த ஒரே தத்துவம் இது. இதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்க ஆள் வேண்டுமே.

அந்த ஊரில் மழை பெய்யும். இல்லையென்றால் பெய்யப் போகும். கொடியில் போட்ட துணி காய்வதற்குள் அதைப் போட்டவள் காய்ந்துவிடுவாள். ஆள் நடக்கிற படியிலேயே பாசி ஏறுகிறபோது, ஆடாமல் அசையாமல் நிற்கிற கல்லை அது சும்மா விடுமா? ஊரையே நடுங்க வைத்த நீதிபதி, நாலு மழைக்காலம் போனால் பச்சைப் போர்வைக்குள் ஒரு யாரோ. பக்கத்துக் கல்லில் கிடக்கும் அவருடைய பழைய டிரைவரும் ஒரு யாரோ. சமத்துவம் என்றால் அப்படி ஒரு சமத்துவம். அதைக் கெடுப்பதற்குத்தான் கல்லக்காவுக்குக் கூலி.

அவள் முறை மிகவும் மெதுவான முறை. முதலில் கல்லை நனைப்பாள். கனத்த பாசியை மரச்சுரண்டியால் தள்ளிவிடுவாள். இரும்பு கூடவே கூடாது. பிறகு பாசியைக் கொல்லும் மருந்தைத் தெளித்துவிட்டுப் போய்விடுவாள். மீதி வேலை மழையுடையது. பாசி செத்து, செம்பட்டையாகி, கறுத்து, மழையில் தானாகக் கழன்றுபோக மாசக்கணக்கில் ஆகும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வாள். பூமியை ஆளுகிறவர்கள் எல்லாம் ஏற்கனவே கீழேதான் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

அவள் வேன் கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: ‘ஒரு எழுத்தும் போகாது.’ உண்மைதான். அவள் கையில் இதுவரை ஒரு புள்ளிகூடப் போனதில்லை. அவளுக்கு இருந்த கர்வம் அது ஒன்றுதான், ஆனால் அது ஒன்றே பத்துப் பேருக்குப் போதும்.

உதவிக்கு வருகிறவன் அவள் கொழுந்தன். அவன் ஒரு தண்ணீர் பீய்ச்சும் மெஷின் வாங்கி வைத்திருந்தான். பெட்ரோலில் ஓடும்; காது கிழியும்; அதற்கு அவன் பீரங்கி என்று பெயர் வைத்திருந்தான். கல்லறைத் தோட்டத்தின் சிமென்ட் நடைபாதையைக் கழுவ மட்டும் அதற்கு அனுமதி. கற்களிடம் நெருங்கக்கூடாது. அவன்மேல் நம்பிக்கை இல்லாததால், பீரங்கியின் மூக்கை, அதாவது தண்ணீர் சீறி வரும் அந்தப் பித்தளை முனையை, கல்லக்கா கழற்றித் தன் கைப்பையிலேயே வைத்திருப்பாள். நடைபாதை வேலை வந்தால் கொடுப்பாள். முடிந்த அடுத்த நிமிஷம் கையை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

“அண்ணி, வெறும் தண்ணிதானே? கோழி மிதிச்சா குஞ்சு சாகும்?” என்பான் அவன்.

“இது கோழி இல்ல தம்பி, யானை. மூக்கைக் குடு,” என்பாள் அவள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் கார் கழுவும் கடைக்காரர் வந்து சேர்ந்தார்.

அவர் தன் அப்பாவின் கல்லைக் காட்டினார். விரித்து வைத்த புத்தகம் போலச் செதுக்கிய அகலமான மணற்கல். இடது பக்கம் அப்பா. வலது பக்கம் முழுக்கப் பாசி. மேலே கவிந்திருந்த மரம் அந்தப் பக்கம் மட்டும் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்ததால், மெத்தை மாதிரி மண்டியிருந்தது. கூடவே அவருடைய அம்மாவும் வந்திருந்தாள். மடக்கு நாற்காலி, மடியில் கைப்பிடி வளைந்த குடை. கடைத்தெருவில் ரொம்ப காலம் தையல் கடை வைத்திருந்தவள். ஊரில் பாதிப் பேருக்கு இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். தையலம்மா என்றால்தான் தெரியும்.

“அப்பாவோட நினைவு நாள் வருது. சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. கல்லு பளிச்சுனு இருக்கணும்,” என்றார் மகன். “எங்க கடையில ஒரு நுரை இருக்கு. அடிச்சா அஞ்சு நிமிஷத்துல புது வண்டி. அதைக் கொண்டாரட்டுமா? முடிச்சிட்டு மேல வாக்ஸ் போடலாமா?”

“கல்லு என்ன ஊர்வலமா போகப் போகுது, வாக்ஸ் போட?” என்றாள் கல்லக்கா. “இது மணற்கல்லுங்க. மேல தோல் கெட்டி, உள்ள பிஸ்கட். மருந்து அடிக்கிறேன். மெதுவாத்தான் வெளுக்கும்.”

“நான் என்ன சொல்றேன்னா—” என்று ஆரம்பித்தாள் தையலம்மா.

“அம்மாவுக்கும் சீக்கிரம் முடியணும்னு ஆசை,” என்று மகன் முடித்துவைத்தார். அதற்குள் கைபேசி அடிக்க, யாருக்கோ வண்டிச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் தையலம்மா குடையால் தரையை ஒரு தட்டு தட்டினாள்.

“பொண்ணே, இங்க வா. அந்தப் பாசிக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா?”

“தெரியலம்மா.”

“நான் இருக்கேன்.”

கல்லக்கா அவளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்படியும் வழக்கம் உண்டுதான். ஒருவர் போகும்போதே மற்றவர் பெயரையும் வெட்டி, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைப்பார்கள். கல்யாண வீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி.

“அவர் சாகுறதுக்கு முன்னாடியே அவரே ஆர்டர் குடுத்து வெட்டினது,” என்றாள் தையலம்மா. “ரெண்டு பேரா வெட்டினா சல்லிசுன்னு சொன்னாங்களாம். என்னை ஒரு வார்த்தை கேக்கல. பொறந்த வருஷமும் தப்பு. ரெண்டு வயசு கூட்டிப் போட்டிருக்கார். அதுக்குக் கீழ ‘என்றும் பிரியாத துணை’ன்னு. யாரைக் கேட்டுப் போட்டார்?”

ஏலம் விடுகிற தொழில் அவள் புருஷனுக்கு. நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொல்லும். குடித்ததில்லை, அடித்ததில்லை. பேசினார், அவ்வளவுதான். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை. தூக்கத்திலும் விலை கேட்பாராம்.

“நாப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கேன். அந்த மனுஷன் என்னை ஒரு பேச்சு முழுசா பேசி முடிக்க விட்டதில்ல. நான் பாதியில இருக்கும்போதே ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு முடிச்சிருவார். எனக்கு என்ன வேணும்னு அவரே சொல்லி, அவரே வாங்கி, அவரே நல்லாயிருக்குன்னும் சொல்லிருவார். போனதுக்கப்புறம்தான் வீட்டுல கடிகாரம் ஓடுற சத்தம் கேட்டுச்சு. இப்ப மறுபடி போயி பக்கத்துல படுக்கணுமாம். இந்தத் தடவை விடியவே விடியாது.”

கல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தையலம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

“பையன்கிட்ட சொல்லலாமே?”

“சொன்னேனே. பாதி சொன்னேன். அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கு. இந்தப் பாசி மூடினதுலேர்ந்து கொஞ்சம் நிம்மதியா இருந்தேன். அதை எடுக்காதே. என் பாதியை அப்படியே விட்டுரு.”

“பாதி மொட்டை அடிச்ச மாதிரி இருக்கும்மா. உங்க மகன் விடுவாரா?”

“அப்ப ஒண்ணு செய். நல்லா அழுத்தித் தேய்ச்சு என் பேரை எடுத்துரு. கை தவறிப் போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

கல்லக்காவுக்குச் சுருக்கென்றது. தன் வேன் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “வேற எது வேணாலும் கேளுங்கம்மா. இது மட்டும் என்னால முடியாது. என் கையில ஒரு எழுத்து போனதில்ல.”

“தப்பா தைச்ச துணியைப் பிரிச்சுத்தானே ஆகணும்? அதுல என்ன பாவம்?”

“துணியைத் திரும்பத் தைக்கலாம். கல்லைத் தைக்க முடியாது.”

“நான் திரும்பத் தைக்கச் சொல்லலியே,” என்றாள் தையலம்மா. அதற்குள் மகன் வந்துவிட்டார். கல்லக்கா குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். மரச்சுரண்டியால் இடது பக்கத்தைத் துப்புரவாக எடுத்தாள். வலது பக்கத்தில் மேல் மெத்தையை மட்டும் தள்ளிவிட்டு, இரண்டுக்கும் மருந்து அடித்தாள். தையலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கக் காத்திருப்பவள் முகம் மாதிரி இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டை எடுத்து வைத்தபோது கல்லக்கா புருஷனிடம் ஆரம்பித்தாள்.

“இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க. அவங்க என்ன கேட்டாங்கன்னா—”

“ரேட்டைக் குறைக்கச் சொல்லியிருப்பாங்க,” என்றான் அவன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

“அதில்ல. கல்லுல அவங்க பேரு—”

“தப்பா வெட்டியிருக்கா? அதுக்கு நீ என்ன செய்வே, வெட்டினவன்கிட்ட போகச் சொல்லு.”

“முழுசா கேளுங்க. அவங்க புருஷன்—”

“பாவம், வயசான காலத்துல தனியா இருக்கிறது கஷ்டந்தான். ஊறுகாயை எடு.”

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவனைத் தங்கமான ஆள் என்றுதான் அவள் அம்மா வீட்டில் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அன்று முதல் முறையாக, தான் கடைசியாக எப்போது ஒரு பேச்சை ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை நடத்திக்கொண்டு போனோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவு வந்ததெல்லாம் கற்களிடம் பேசியது மட்டுந்தான். அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் பாத்திரங்களை நங் நங்கென்று கழுவினாள்.

கை துடைத்துக்கொண்டே அவன் கேட்டான்: “என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்ல.”

“அதான் நானும் நினைச்சேன்,” என்றான் திருப்தியாக.

மழைகள் பெய்தன. ஏலக்காரரின் பக்கம் ஓரளவு வெளுத்தது. தையலம்மாவின் பக்கம் மருந்து குடித்த பாசி செம்பட்டை நிறத்தில் செத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் கல்லக்கா மென்மையான பிரஷை நனைத்து மேலோட்டமாக ஒரு இழுப்பு இழுத்தாள். ‘பிரியாத’ என்ற எழுத்துகள் வெளியே வந்தன. அவள் எத்தனையோ கற்களில் எத்தனையோ எழுத்துகளைக் கண்டெடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தொலைந்த கம்மல் கிடைத்த சந்தோஷம் வரும். இந்தத் தடவை வரவில்லை. பின்னால் நாற்காலியில் இருந்த தையலம்மா அந்த எழுத்தைப் பார்த்தாள்.

“வந்துட்டாரா,” என்று மட்டும் சொன்னாள்.

கல்லக்கா மேலே தேய்க்கவில்லை. பிரஷை வாளியில் போட்டுவிட்டு, மீதியை மழை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். இந்த அம்மாவுக்கு நான் துரோகம் செய்கிறேன் என்று அவள் மனசு சொல்லியது. உன் வேலையைத்தானே செய்கிறாய் என்று வேன் கதவு சொல்லியது.

நினைவு நாள் நெருங்கிய வாரத்தில் மகன் மறுபடி வந்தார். கல்லைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“என்னங்க இது, முன்னைவிடக் கேவலமா இருக்கு! பச்சையா இருந்தது, இப்பத் துருப்பிடிச்ச மாதிரி ஆயிருச்சு.”

“செத்த பாசி அது. தானா விழுந்துரும். இன்னும் கொஞ்ச நாள்—”

“கொஞ்ச நாள் எங்க இருக்கு? எங்க சித்தப்பா ஒருத்தர் போதும், ஊர் பூரா சொல்லிச் சிரிக்க. அப்பா எனக்கு என்னெல்லாம் செஞ்சார் தெரியுமா?” அவர் குரல் கம்மியது. “ஒரு கல்லைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னு சொல்லுவாங்க.”

பாவம், அதுவும் பொய்யில்லை. அப்பனை நினைத்தால் அவருக்குக் கண் கலங்கும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஆனால் அவளைத் திரும்பிப் பார்க்கத்தான் நேரமில்லை.

“தம்பி, நான் என்ன சொல்றேன்னா, இந்தக் கல்லுல என்னை—” என்று தையலம்மா எழுந்திருக்கப் பார்த்தாள்.

“உன்னை வெயில்ல உக்கார வச்சுட்டேன், அதானே? இதோ முடிஞ்சிரும்மா,” என்று அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வெயில் என்று ஒன்று அந்த ஊரில் கண்ணில் பட்டே வெகு நாளாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து நடைபாதையின் கோடியில் பீரங்கியின் சத்தம் நின்றது. கொழுந்தன் பாதையைக் கழுவி முடித்துவிட்டான். வழக்கப்படி, கல்லக்கா போய்க் கையை நீட்ட வேண்டும். அவன் மூக்கைக் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

கல்லக்கா பீரங்கியைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவரும் பீரங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பசித்தவன் பந்தியைப் பார்ப்பது மாதிரி. பிறகு தையலம்மாவைப் பார்த்தாள்.

“வாளியில தண்ணி இல்ல. நான் போயி எடுத்துட்டு வந்துர்றேன்,” என்றாள்.

குழாய் அந்தக் கோடியில், காவலாளி அறைக்குப் பின்னால். கொழுந்தனைத் தாண்டித்தான் போனாள். கையை நீட்டவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். வாளியில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது என்று கொழுந்தன் சொல்கிறான். அவன் பேச்சை யார் நம்புவார்கள்?

குழாயடியில் அவள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவினாள். வெளிப்பக்கமும் கழுவினாள். கைப்பிடியைத் துடைத்தாள். பீரங்கி மறுபடி உறுமத் தொடங்கியது கேட்டது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு வாளியை அத்தனை சுத்தமாகக் கழுவியதில்லை. ஓடிப்போய் நிறுத்து என்று அவள் தொழில் அவளைப் பிடித்துத் தள்ளியது. கால்தான் நகரவில்லை.

திரும்பி வந்தபோது மகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பீரங்கியின் துப்பாக்கிப் பிடியை வாகாகப் பிடித்து, அழுக்கு அதிகமாக இருந்த பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்தில். தொழில் தெரிந்த கை. ஒரு இடம் விடவில்லை. செம்பட்டைப் பாசி பறந்தது. அதோடு கல்லின் தோலும் பறந்தது. மணல் கரைந்து மஞ்சள் தண்ணீராகப் புல்லில் ஓடியது. ‘என்றும்’ போனது. ‘பிரியாத’ போனது. தப்பான பிறந்த வருஷம் போனது. பக்கத்தில் கொழுந்தன் வாயைப் பிளந்துகொண்டு, கல்யாணத்தில் வாணவேடிக்கை பார்ப்பவன் மாதிரி நின்றிருந்தான்.

கல்லக்கா கத்த வாயெடுத்தாள். தையலம்மா அவளைப் பார்த்து ஒரு விரலை மெல்ல உயர்த்தினாள். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

கல்லக்கா பொறுத்தாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த வாரைத்தான். தையலம்மா பெயரின் கடைசி எழுத்தும் கரைந்து, தண்ணீர்த்தாரை நடுக்கோட்டைத் தாண்டி ஏலக்காரர் பக்கம் திரும்பியபோதுதான் நிமிர்ந்தாள்.

“ஐயோ! நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று அலறினாள். அந்தத் தோட்டத்தில் படுத்திருந்தவர்களில் லேசாகத் தூங்குகிறவர்கள் யாராவது இருந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பீரங்கி நின்றது. மகன் முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இடது பக்கம் அப்பா, பட்டங்களோடும் தேதிகளோடும். வலது பக்கம் சொரசொரவென்று ஒரு மொட்டைக் கல்.

“அம்மா,” என்றார். துப்பாக்கி கையிலிருந்து நழுவியது. “அம்மா, உன் பேரு... நான்... அண்ணி ஒண்ணும் சொல்லலியேன்னு இந்த மெஷின்காரர் சொன்னாரு... நான் பாசின்னுதான்...” அப்படியே கல்லடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். பிறகு கல்லக்காவை நிமிர்ந்து பார்த்தார். “திரும்ப வெட்டிரலாம்ல? எங்கேயிருந்தாவது ஆளைக் கூட்டிட்டு வாங்க. அதே மாதிரி வெட்டிரலாம்ல?”

வெட்டலாம். ஒரு விரல் கனத்துக்கு இழைத்துத் தள்ளினால் கீழே நல்ல கல் இருக்கிறது. சுமாரான கல்தச்சன்கூடச் செய்துவிடுவான். கல்லக்காவுக்கு அது தன் பெயரைப் போலத் தெரியும்.

“தாங்காதுங்க,” என்றாள். “உளியை வச்சா உங்கப்பா பக்கமும் சேர்ந்து விரிசல் விட்டுரும்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது மடல் சூடானது. யாரும் கவனிக்கவில்லை.

தையலம்மா குடையை ஊன்றி எழுந்தாள். மெதுவாக நடந்து வந்து மகன் தலையில் கை வைத்தாள். அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. இதைத்தான் அவள் ஆயுசு பூராவும் எதிர்பார்த்திருந்தாள்.

“நான் செத்தா என்னை இங்க வைக்கக்கூடாது. கடைசி வரிசையில, சுவரோரமா, தனியா ஒரு இடம் வேணும். கல்லு சின்னதா இருக்கட்டும். என் பேரு மட்டும் இருக்கட்டும். யாரோட துணைன்னும் போட வேண்டாம். பாசி பிடிச்சா பிடிக்கட்டும், யாரும் தேய்க்க வரவேண்டாம். உங்கப்பா நல்லவர்தான். ஆனா எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும்.”

நிறுத்தி மூச்சு வாங்கினாள். சுற்றிலும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். மகனை, கொழுந்தனை, கல்லக்காவை.

“யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்றாள். குடையின் வளைந்த கைப்பிடியால் புருஷன் கல்லின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். “ஒரு தரம்.”

மகன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ரெண்டு தரம்.”

மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மூணு தரம்.” ஓங்கித் தட்டினாள்.

“சரிம்மா,” என்றார் மகன். அவ்வளவுதான் சொன்னார். மேலே ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

தையலம்மா கல்லின் இடது பக்கம் திரும்பினாள். முந்தானையால் அவர் பெயர் மேலிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

“நான் பேசி முடிச்சிட்டேன்,” என்றாள் அவரிடம். “இப்ப நீங்க சொல்லுங்க.”

நாலு பேரும் காத்திருந்தார்கள். ஏலக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நாற்காலியை மடக்கச் சொல்லி மகனிடம் கொடுத்தாள்.